இருந்தால் என்கிற சொல்

எனக்கு எழுத்து கோணல். ஐந்தாவதோடு நின்றவள். வருஷங்களும் முன்பின்னாகத்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு கடிதத்தைப் பற்றி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் சமையல் வேலை. கம்பெனி ஆபீஸ் பம்பாயில். எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் மாதம் ஒரு கடிதம் வந்துவிடும். எழுபத்தெட்டிலோ எழுபத்தொன்பதிலோ அது நின்றுபோனது. ஒரு வருஷம் பார்த்தேன். தருமபுரத்தில் எங்கள் வீட்டைத் தாண்டும்போது தபால்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை மிதிக்க ஆரம்பித்தார். ஆள் என்ன ஆனார் என்று கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். இங்கிலீஷில் கேட்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பாடத்தைச் சத்தம் போட்டுத்தான் படிப்பாள். நான் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

"என்னடி அது, வேரு வேருங்குற? மரத்து வேரா?"

"அய்ய, இல்லம்மா. நடக்காததச் சொல்றப்ப இங்கிலீஷ்ல போடுற சொல்லு. 'நான் ராணியா இருந்தா'ங்குறோம்ல. நான் ராணி இல்ல. அதனால அங்க வேர்."

"'மாமா வூட்ல இருந்தா வரச் சொல்லு'ங்குறோம். அதுக்கும் வேரா?"

கொஞ்சம் யோசித்தாள். "இஃப் வந்தா வேர்தாம்மா. டீச்சர் போர்டுல எழுதிப் போட்டாங்க."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு என்ன தெரியும்.

கடிதத்தை அவளே எழுதினாள். கையெழுத்தில் போனால் மதிக்கமாட்டார்கள் என்று கடைத்தெருப் பக்கம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குப் போனோம். அங்கே இருந்த சார் வயதானவர். ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துத்தான் அடித்தார். மகள் எழுதியது சில இடத்தில் புரியாமல், என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார்.

"மாசம் ஒரு கடுதாசி எழுதுவாருங்க" என்றேன்.

"எழுதுவார்னா? முன்ன எழுதிக்கிட்டு இருந்தாரா, இன்னமும் எழுதுறாரா? இங்கிலீஷ்ல ரெண்டுல ஒண்ணத்தாம்மா போட முடியும்."

என் வாயில் வந்த அந்தச் சொல்லுக்குள் இரண்டும் கலந்து கிடப்பது எனக்கு அதுவரை தெரியாது. "எழுதிக்கிட்டு இருந்தார்னே போடுங்க சார்" என்றாள் மகள். அவர் அடித்தார்.

அடுத்த வரி. என் கணவர் உயிரோடு இருந்தால் எந்தக் கப்பலில் இருக்கிறார் என்று தெரிவிக்க வேண்டும். சார் மெஷினிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"இங்க இஸ் வரணும் பாப்பா."

"இஃப்புக்கு அப்பறம் வேர்தான் சார்."

"அது இல்லாத ஆளுக்கு. இங்க வேர்னு அடிச்சா, அவரு இல்லன்னு உங்களுக்கே தெரியும்குற மாதிரி ஆயிடும்."

"நான் இங்கிலீஷ்ல எழுபத்தாறு மார்க் சார்."

"நான் முப்பது வருஷமா அடிக்கிறேன்."

"அடிக்கிறது வேற, இலக்கணம் வேற சார்."

பக்கத்து மெஷின்களில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். மகளுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. சார் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எதப் போடட்டும்?"

அந்நிய ஆண்கள் முன்னால் எனக்குப் பேச்சே வராது. தட்டுகிற சத்தம் எல்லாம் நின்று, அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. இல்லாத ஆளுக்கு ஒன்று, இருக்கிற ஆளுக்கு ஒன்று. அவ்வளவுதானே. இருக்கிற ஆளுக்கு உள்ளதையே போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, "புள்ள படிச்சிருக்குங்க. அது சொல்றபடியே போட்டுடுங்க" என்றேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அன்றைக்கு நெடுங்காட்டிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். மகள் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். உங்கள் கணவரின் மறைவுக்கு வருந்துகிறோம், இறப்புச் சான்றிதழை அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருந்தது.

"எங்கண்ணன் செத்துட்டான்னு அவங்களுக்கு யாரு சொன்னது?" என்றார் நாத்தனார்.

மகள் காகிதத்தைத் திரும்பப் படித்தாள். "நம்ம கடுதாசியப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டதா எழுதியிருக்காங்க அத்தை."

நாத்தனார் என்னைத்தான் பார்த்தார். "நெத்தியில பொட்ட வச்சிக்கிட்டே எழுதிப் போட்டியா அண்ணி?"

மறுபடியும் அதே சாரிடம் போனோம். அந்த வரியை மாற்றி, இஸ் என்று அடித்துக் கொடுத்தார். குடும்பத்தார் தந்த தகவலின்படி இறந்தவராகப் பதிவாகிவிட்டது, இதில் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு போட்ட எதற்கும் பதிலே இல்லை. அவர் எந்தக் கப்பலில் இருந்தார், எங்கே இறங்கினார் என்று தேட ஆள் இல்லாமல் போனது. நான் பொட்டை அழிக்கவில்லை. கோயிலில், கல்யாண வீட்டில், என் நெற்றியைப் பார்த்துவிட்டுக் குங்குமத் தட்டோடு தயங்கி நிற்பார்கள்.

மகள் அதோடு சத்தம் போட்டுப் படிப்பதை விட்டுவிட்டாள். கல்யாணமாகிப் பாண்டிச்சேரிக்குப் போய், பிள்ளைகள் பெற்ற பிறகும் ஒரு தடவை கேட்டாள். "என்னாலதானம்மா அப்பாவத் தேடாம விட்டாங்க?"

"நீ சின்னப் புள்ள. ஒனக்கு என்ன தெரியும்" என்று சொன்னேன். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நாற்பது வருஷமாகச் சொல்லவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் என் வாய் அந்த டைப் அடிக்கிற இடத்தில் அடைத்த மாதிரியே அடைத்துக்கொள்கிறது.

முதல் கடிதத்தின் கார்பன் நகலும் கம்பெனிக் காகிதங்களும் என்னிடம் இருக்கின்றன. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த யாராவது வந்து பார்க்க வேண்டும். நான் சொன்ன வருஷம் சரியா, அந்த வரியில் நிஜமாகவே அந்தச் சொல்தான் இருக்கிறதா, அதற்கு அந்த அர்த்தம்தானா என்று பார்த்துச் சொன்னால் போதும். மகளிடம் மட்டும் காட்ட வேண்டாம். அவளிடம் நானே சொல்ல வேண்டும்.