தூரத்துச் சொந்தம்

எங்கள் வீட்டில் அந்த இங்கிலாந்துக் கிராமத்தின் பெயரை யாரும் சரியாக உச்சரித்ததில்லை. அப்பா ஒரு மாதிரி சொல்வார், அத்தைகள் வேறு மாதிரி சொல்வார்கள். அப்பாவின் அம்மாவைப் பெற்றவர் அந்த ஊர்க்காரர். பாளையங்கோட்டைப் பக்கம் பாலம் கட்டும் வேலைக்கு வந்த வெள்ளைக்காரர். இங்கே ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தினார். பிறந்த பெண் குழந்தை நடை பழகுவதற்குள் கப்பலேறிப் போய்விட்டார். கோயிலில் வைத்துத் தாலி கட்டினாரா, சும்மா சேர்ந்திருந்தாரா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. எங்கள் எதிரில் முதல் கட்சி பேசும். நாங்கள் நகர்ந்ததும் இரண்டாவது கட்சி பேசும்.

அவருடைய நிறம் அப்பாவைத் தாண்டி வந்து அக்கா மேல் இறங்கியது. கல்யாண வீடுகளில் அவளை 'துரைசாணி' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அம்மாவின் நிறம், அதாவது நல்ல கறுப்பு. அக்காவின் பக்கத்தில் நான் நின்றால், "ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைகளா?" என்று யாராவது சிரிப்பார்கள். அக்கா என் தோளில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டு, "ஆமா, என் தம்பிதான். இப்ப என்ன?" என்பாள். கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

எண்பதுகளில் இரண்டு பேருமே அமெரிக்காவில் இருந்தோம். அவள் முதலில் வந்தவள். டெக்சாஸில் படித்து, கூடப் படித்த வெள்ளைக்காரரையே கட்டிக்கொண்டு, டாலஸுக்கு வடக்கே ஆலனில் வீடு வாங்கியிருந்தாள். நான் ஜெர்சி சிட்டியில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் ஒரு பாங்கின் கம்ப்யூட்டர் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை. என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. நாங்கள் இருந்த தெருவில் அப்போது சில பையன்கள் நம்மவர்களைக் கண்டால் கத்துவதும் முட்டை எறிவதுமாக இருந்தார்கள். ஒரு சாயங்காலம் மனைவியின் கோட்டு முழுக்க முட்டை. அக்காவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன்.

"அந்த மாதிரி ஏரியால ஏன்டா இருக்கே? மூவ் பண்ணு. எங்க நெய்பர்ஹுட்ல இதெல்லாம் கிடையாது" என்றாள்.

அவள் மேல் யாரும் முட்டை எறிய மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா இறந்தபின் அப்பா பாளையங்கோட்டையில் தனியாக இருந்தார். வீட்டில் ஃபோன் கிடையாது. பக்கத்து வீட்டுக்குக் கால் போட்டால் வந்து பேசுவார். நாங்கள் அமெரிக்கா வந்த நாளிலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான். "நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம்தானே இருக்கிய. என்னைக்காவது அந்த ஊருக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க. அந்த மனுஷன் எங்க அம்மையப் பத்தி அங்க யாருகிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னாராண்ணு மட்டும் கேட்டுட்டு வந்தாப் போதும்." அமெரிக்காவும் இங்கிலாந்தும் அவருக்கு ஒரே பக்கம்.

"நான் பாத்துக்கறேன். நீ எதுவும் பண்ணாதே, ரெண்டு பேர் விசாரிச்சா குழப்பமாயிடும்" என்று அக்கா பொறுப்பெடுத்துக்கொண்டாள். சில மாதம் கழித்து முடிவு சொன்னாள். "ஒண்ணுமே இல்லடா. அந்த ஊர் சர்ச் கூட மூடியாச்சாம். அந்த ஃபேமிலில யாரும் மிச்சமில்ல. விட்டுடு."

விட்டுவிட்டேன். அப்பாவும் அதற்குப்பின் கேட்பதை நிறுத்திவிட்டார். வயதாகிவிட்டது, ஆசை வற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு இரண்டு மூன்று வருடங்கள் போயிருக்கும். பாங்க் என்னை ஒரு வேலையாக லண்டனுக்கு அனுப்பியது. மனைவியும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். ஒரு சனிக்கிழமை சும்மா இருந்தபோது அவள்தான் சொன்னாள். "ஆளுங்க இல்லன்னா என்ன? ஊர் இருக்கும்ல? மூடின சர்ச்சையாவது ஒரு போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பலாம்."

அந்தக் கிராமம் இருக்கும் டெவன் மாவட்டம் வரை ரயிலில் போய், அங்கிருந்து டாக்ஸி பிடித்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலிச் செடி. சர்ச் மூடியிருக்கவில்லை. கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் மறுநாள் ஆராதனைக்காகப் பூ அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பப் பெயரைச் சொல்லி, அவர்கள் யாராவது இங்கே இருந்ததாகத் தெரியுமா என்று கேட்டேன்.

"இருந்ததாகவா? இப்போதும் இருக்கிறாரே" என்று சிரித்தாள். "தபாலாபீஸ் பக்கத்தில், வெள்ளை கேட்டு."

அப்போதும் எனக்கு அக்காவின் மேல் சந்தேகம் வரவில்லை. பாவம், யாரோ அவளுக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் தபாலாபீஸ் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

வெள்ளை கேட்டு வீட்டில் கதவைத் திறந்தது எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. நல்ல உயரம், கம்பளிச் சட்டை, முழங்கை வரை தோட்டத்து மண். இந்தியாவில் பாலம் கட்டப் போனவரைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறோம் என்றதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காரவைத்தார். டீ போட்டார். அந்த வெள்ளைக்காரர் இவருடைய தாத்தாவாம். இந்தியாவிலிருந்து திரும்பி வந்து இங்கே கல்யாணம் பண்ணிக்கொண்டவர். அவருடைய மகனுக்குப் பிறந்தவர் இந்த அம்மா. அப்படியென்றால் அப்பாவுக்கு மாமன் மகள்.

அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோது அவர் முந்திக்கொண்டார்.

"வேடிக்கையாக இருக்கிறது. இவ்வளவு காலம் யாருமே வரவில்லை. இப்போது நீங்கள் இரண்டாவது. இரண்டு மூன்று கோடைக்கு முன்னால் என் உறவுக்காரி வந்தாள், டெக்சாஸிலிருந்து. தாத்தாவுக்கு இந்தியாவில் ஒரு குழந்தை இருந்ததே அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் கடைசிவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை."

ஜன்னலோரமிருந்த ஒரு போட்டோவை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். இதே வீட்டு வாசலில் அக்கா நிற்கிறாள். தொப்பி, பூப்போட்ட கவுன். ஒரு பக்கம் அத்தான், இன்னொரு பக்கம் இந்த அம்மா.

"பாவம் அந்தப் பெண்" என்றார். "அந்த வம்சத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். அப்பாவும் அம்மாவும் சின்ன வயதிலேயே போய்விட்டார்களாம். கூடப் பிறந்தவர்களும் இல்லை. அவர்கள் குடும்பத்தில் எல்லோரும் வெள்ளையர்களையே மணந்துகொண்டார்கள் என்றாள். இல்லாவிட்டால் அவள் இந்த நிறம் இருப்பாளா?"

பிறகு என்னைப் பார்த்து, மிகவும் அன்பாகக் கேட்டார். "நீங்கள் அவளுக்கு என்ன வேண்டும்?"

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அந்த நிமிஷம் கோபம் வரவில்லை. அக்கா மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்ற பதற்றம்தான் வந்தது. சின்ன வயதுப் பழக்கம். அவள் உடைத்த ஜாடிக்கு நான் அடி வாங்கியிருக்கிறேன், நான் உடைத்ததற்கு அவள் வாங்கியிருக்கிறாள்.

"தூரத்துச் சொந்தம்" என்றேன்.

டீயைக் குடித்து முடித்தோம். கல்லறையைக் காட்ட அந்த அம்மா குடையோடு கூடவே வந்தார். கல்லில் அந்த வெள்ளைக்காரர் பெயர், இங்கிலாந்து மனைவியின் பெயர். நான் போட்டோ எடுக்கவில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு முழுதும் உறைத்தது. உயிரோடு இருக்கிற அப்பாவைச் சாகடித்துவிட்டாள். என்னைப் பிறக்கவே விடவில்லை.

"அவங்க சொன்னதைக் கூடத் தாங்கிக்கலாம்" என்றாள் மனைவி. "நீங்க எதுக்கு அதை ஆமான்னு சொல்லிட்டு வந்தீங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அமெரிக்கா திரும்பிய அடுத்த மாதம் டாலஸுக்கு டிக்கெட் போட்டேன். ஃபோனில் கேட்கிற விஷயமில்லை. அக்கா ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தாள். ஃப்ரீவேயில் ஏறியதுமே நான் சொல்லிவிட்டேன், "டெவன் போயிருந்தேன்கா. அந்த அம்மாவைப் பார்த்தேன்."

அவள் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் காரை நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், குறைந்தபட்சம் பொய்யாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீ யாருன்னு சொன்னே?" என்று கேட்டாள்.

"தூரத்துச் சொந்தம்னு சொன்னேன்."

பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். "தேங்க்ஸ்டா" என்றாள்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த தேங்க்ஸை என்னால் மறக்க முடியவில்லை. அவள் கிராமத்தில் சொன்னதைவிட அதுதான் ஆழமாகக் குத்தியது.

பிறகு அவளே பேசினாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாமனார் வீட்டில் தன்னை இங்கிலாந்து வம்சம், இந்தியாவில் குடியிருந்த குடும்பம் என்று சொல்லிவிட்டாளாம். அத்தானுக்கு உண்மை தெரியுமாம். அவர் வீட்டாருக்குத் தெரியாது. அவர்களுக்காகத்தான் அந்தக் கிராமத்தைத் தேடிப் போனாள். அங்கே போட்டோ எடுத்து வந்து கூடத்தில் மாட்டினாள்.

"உனக்குப் புரியாதுடா. நீ அங்க ஜெர்சில நம்ம ஆளுங்களோட இருக்கே. இங்க நான் ஒருத்திதான். ஒரு பொய் சொன்னா, அதைக் காப்பாத்த இன்னொண்ணு சொல்ல வேண்டியிருக்கு."

"அப்பா செத்துட்டார்னு சொல்லணுமாக்கா?"

"அப்பா இருக்கார்னா போட்டோ கேப்பாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கம்மியது. "அப்பாவுக்கு நான் போனது தெரியும். அப்பவே சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

அன்று இரவு அவள் வீட்டில் தங்காமல் கடைசி விமானத்திலேயே திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கால் போட்டேன். நான் கிராமத்துக்குப் போனதைச் சொன்னேன்.

"உனக்குத் தெரிஞ்சிட்டா?" என்றார். "நான் சொல்லியிருக்கணும் லே. அவ ஃபோன்ல ஒரே அழுகை. நீ அங்க போய் நின்னா, அவ மாமியா வீட்டுக்குச் சங்கதி போயிரும்னா. பொட்டப்பிள்ள, பிற மனுஷங்க வீட்டுல வாழுதா. நீ ஆம்பள, தாங்கிக்கிடுவ."

நான் போய் நின்றால் என் கறுப்பே அக்காவைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை அவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார், என் நிறத்துக்கு அவர் வைத்த விலை அது என்று தோன்றியது. அவரிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை. எப்படிப்பா என்று கேட்க வந்தேன். அதற்குள் அவர் குரல் மாறிவிட்டது.

"அது போகட்டும். அந்தப் பொம்பள எப்படி இருக்கா? எனக்கு முறைப்பொண்ணுல்லா!" என்று சிரித்தார். "எங்க அம்மையப் பத்தி அந்த மனுஷன் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாராமே. சாகையில மக பேரைச் சொன்னாராம். அக்கா சொன்னா. நீ போனப்ப என்னயப் பத்திக் கேட்டாளா?"

அக்கா அப்பாவுக்கும் ஒரு பொய் வைத்திருந்தாள். அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்க ஆசைப்பட்ட பொய். அதை எடுத்துவிட்டால் அவரிடம் எதுவும் இருக்காது.

"கேட்டாங்கப்பா" என்றேன்.

"அப்ப என் போட்டோ ஒண்ணு அனுப்புதேன். அவளுக்குக் குடுத்திரு."

கொஞ்ச நாளில் போட்டோ வந்தது. ஸ்டுடியோவுக்குப் போய், வெள்ளை வேட்டி கட்டி, சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு எடுத்த படம். மனைவி அதை ஃபிரிட்ஜ் மேல் சாத்தி வைத்தாள். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது பார்ப்பேன். செத்துப்போனவர் என்று எங்கோ ஒரு வீட்டில் நம்பப்படுகிற மனிதர், அந்த வீட்டுக்காகவே சவரம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கடைசியில் அதை டெவனுக்கே அனுப்பினேன். பின்பக்கம், இவர் உங்கள் அத்தை மகன், பாளையங்கோட்டையில் சுகமாக இருக்கிறார், நான் இவருடைய மகன் என்று எழுதி, அப்பாவின் விலாசத்தையும் எழுதினேன். அக்காவைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த அம்மா நல்லவர். குழம்பிப்போய் நேரே டெக்சாஸுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கிறார். எடுத்தது அக்காவின் மாமியாராம். அன்றைக்கு அக்கா என்னைக் கூப்பிட்டுக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "காட்டிக் குடுத்துட்டேல்ல? கூடப் பிறந்தவனே காட்டிக் குடுத்துட்டே!"

"எனக்குத்தான் கூடப் பிறந்தவங்களே கிடையாதே" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். அதற்குப்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவளுடைய குடித்தனம் உடைந்துவிடவில்லை என்று பிற்பாடு அப்பா மூலம் தெரிந்தது. மாமியார் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாராம், அவ்வளவுதான். அதற்காகத்தானா எங்களைச் சாகடித்தாள் என்று மனைவி கேட்டாள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு டெவனிலிருந்து அப்பாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை போயிற்று. பனி மூடிய அந்த சர்ச்சின் படம் போட்டது. அப்பா அதைக் கோயிலுக்கு எடுத்துப் போய், தாலி கட்டவில்லை என்று பேசிய அந்த இரண்டாவது கட்சிக்காரர்களுக்கு ஒருவர் விடாமல் காட்டியிருக்கிறார்.