கெட்டுப்போகாத கேசட்

எண்பதுகளில் முத்தியால்பேட்டையில் டிவி, வீடியோ டெக் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். ஒரு நாள் பக்கத்துத் தெரு ரோசலி அம்மா, பிரான்சிலிருந்து மகள் அனுப்பிய தன் கல்யாணக் கேசட்டோடு வந்தார். சர்க்கரை நோயால் அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. பார்வையும் மங்கிக்கொண்டு வந்தது.

கடையிலிருந்த கலர் டிவியில் போட்டேன். படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது.

"நான் குடுத்தனுப்புன அரக்குப் பொடவைதான் கட்டியிருக்காளா, தம்பி?"

"கேசட்டு கெட்டுப்போச்சும்மா. இனிமே கலர் வராது" என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல. அவர் கேசட்டை முந்தானையால் துடைத்து எடுத்துப்போனார்.

ஏழெட்டு மாதம் கழித்து, பிரான்சிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் அங்கே வாங்கிய டிவியையும் டெக்கையும் பழுதுபார்க்கக் கொடுத்தார். பிரான்சின் கலர் முறையே வேறு, நம் ஊர்ப் பெட்டியில் அந்தக் கலர் வராது என்று அவர்தான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ரோசலி அம்மாவுக்கு ஆள் அனுப்பினேன்.

தன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். படம் பளிச்சென்று கலரில் ஓடியது.

"அரக்குதாம்மா! உங்க பொடவைதான், பாருங்க!"

அவர் தடவித்தடவித் திரையைத் தொட்டார். "ரெண்டு மாசமா ஒண்ணுமே தெரியலப்பா. நீ பாத்துச் சொல்லு. சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறாங்கம்மா" என்றேன்.

அன்றைக்கே "எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லியிருந்தால், அவர் வேறு யாரிடமாவது கேட்டிருப்பார். கண்ணிருக்கும்போதே மகளை அந்த அரக்குப் புடவையில், கலரிலேயே பார்த்திருப்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது.