கோதண்டத்தின் மூக்கு

எண்ணூர்க் குப்பத்தில் பிறந்த கோதண்டம், ஆற்றில் இறால் குறைந்தபோது அப்பாவின் படகை விட்டுவிட்டுத் திருவொற்றியூரில் ஒரு சிறிய எமல்ஷன் ஆலையில் சேர்ந்தார். பெயிண்டுக்கான, பால்போல் வெளுத்த பிசின் அங்கே தயாராகிறது. அக்ரிலிக்கைத் தண்ணீரோடு கெட்டில் என்னும் பெரிய மூடிபோட்ட கொப்பரையில் வேகவைத்து, பக்கத்துத் தொட்டியிலுள்ள வினைல் பிசினோடு சேர்ப்பார்கள். அக்ரிலிக் முழுதாக வேகாமல் சேர்ந்துவிட்டால் இரண்டும் வீண்; பூசிய சுவர் வீட்டார் கண்ணை எரிக்கும். வேகாத அக்ரிலிக் காட்டமாக நெடியடிக்கும்; ஆகவே தொட்டிக்குப் போகும் வால்வைத் திறக்குமுன் கெட்டில் மூடியைச் சற்று நீக்கி முகர்ந்து பார்ப்பது அங்கே வழக்கம். கெட்டிலைக் கோதண்டத்திடம் ஒப்படைத்ததே அவர் மூக்கை நம்பித்தான்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அந்த மூக்கில் வாசனை நின்றுபோனது. மீன் விற்கும் மனைவி பச்சையம்மா, கெட்டுப்போனதென்று ஒதுக்கிய சங்கரா மீனை அவர் குழம்புக்கு எடுத்துக் கழுவிய அன்றே கண்டுபிடித்துவிட்டாள். ஆலையில் அவர் சொல்லவில்லை. சொன்னால் கெட்டில் கைவிட்டுப் போகும்.

மூட்டை தூக்கும் டில்லிபாபுவை மூடியருகே கூப்பிட்டு, "இன்னாடா வாசன?" என்று விளையாட்டாகக் கேட்பார். டில்லி "ஒரே கலீஜு" என்று மூக்கைப் பொத்தினால் காத்திருப்பார். "மல்லிப்பூ மாமு" என்று கிண்டலடித்தால் வால்வைத் திறப்பார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் வழக்கம்போல் கேட்டார்.

"எனக்கு ஜல்ப்பு மாமு. மூக்கு அடைச்சிகினு கீது. நீயே மோந்து பாரேன்."

கோதண்டத்தின் கை வால்வின் மேல் இருந்தது. வினைல் தொட்டி நிரம்பித் தயாராக நின்றது. அவர் கையை எடுத்துவிட்டுப் போய் கெமிஸ்ட் தேவகிருபையை அழைத்து வந்தார்.

அவள் குனிந்த வேகத்தில் பின்வாங்கி, கண்ணைத் துடைத்தாள். "இன்னும் வேகவே இல்லையே. உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கு வாசன போயி ரொம்ப நாளாச்சு மேடம்."

"அப்போ இதுவரைக்கும் யாரு பார்த்தது?"

டில்லிபாபுவுக்கு அப்போதுதான் விளங்கியது. "என் மூக்கு மேடம்! வேல அதுக்கு, ஆபரேட்டர் பேரு மாமுவுக்கு."

தேவகிருபை சிரிக்கவில்லை. மறுநாள் முதல் கோதண்டம் வடிகட்டும் பக்கம் மாற்றப்பட்டார். கட்டி தட்டிய பிசினைத் துணியிலிருந்து சுரண்டிக் கழுவும் வேலை. ஜலதோஷம் விட்டதும் கெட்டில் டில்லிக்குப் போனது.

வடிகட்டும் பக்கம் முதல் நாள் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, பச்சையம்மா வாசலிலேயே அவர் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு நாத்தம் கம்மியா கீது. எடம் மாத்திட்டாங்களா?"

"மாத்திட்டாங்க."

"செரி, கழட்டிக் குடு," என்று சட்டையை வாங்கி வாளியில் போட்டாள்.