வார்டில் ஒரு ஸஹர்

வாப்பாவின் அடிவயிற்றில் முட்டையளவு வீக்கம் இருந்தது. நெல் மூட்டை தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டதாம். இனியும் தள்ளிப்போட்டால் குடல் இறுகி உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரியில் படுக்கச் சம்மதித்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் நாலாம் வகுப்பு. வயிற்றைத் திறப்பதுகூடத் தெரியாமல் ஒரு மனிதனைத் தூங்க வைக்கும் அந்த மருந்து என்ன மருந்து என்பதே என் யோசனை. பள்ளிக்கூடத்தில் கேட்டேன். வாத்தியாருக்கும் தெரியவில்லை.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் மாலை, வாப்பாவைப் பார்த்துவிட்டு வந்த மாமா உம்மாவிடம் சொன்னார்: "விடிய ஒண்டும் திங்கப்படாதாம், தண்ணியும் குடிக்கப்படாதாம். நோன்பு மாதிரித்தான்."

உம்மாவுக்கு அது போதும். நோன்பு என்றால் விடியுமுன் சாப்பிடும் ஸஹர் உண்டே. "அப்ப ஸஹர் செய்யாம எப்படி? வெறும் வயித்தோடயா மனிசன வெட்டக் குடுக்கிற?"

விடிகாலைத் தொழுகைக்கான சுபஹு பாங்குக்கு முன்னரே மாமாவும் நானும் தூக்குச்சட்டியோடு போனோம். "நோயாளிக்கு ஸஹர்," என்றார் மாமா, வாசல் காவல்காரரிடம். இது நோன்பு மாதம் இல்லையே என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் வார்டுக்குள் இருந்தோம். வாப்பா விழித்தே கிடந்தார். தயிரும் வாழைப்பழமும் பிசைந்த சோற்றைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சட்டியை வழித்துத் தின்றார்.

விடிந்ததும் பாண்டிருப்பு ஊர் மிஸ்ஸி வந்தார். தாதிமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"வெறும் வயிறுதானே?"

"ஸஹர் செஞ்சிட்டன் மிஸ்ஸி," என்றார் வாப்பா, நல்ல பிள்ளை போல.

"ஐயோ! மயக்கத்தில அந்தச் சோறு மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போனா ஆளே முடிஞ்சிரும்!"

மாமா தூக்குச்சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எனக்கோ, தூங்குகிறவன் வயிற்றிலிருந்து சோறு தானாக மேலே ஏறும் என்பது பெரிய அதிசயமாக இருந்தது.

மிஸ்ஸி வாப்பாவின் பக்கம் திரும்பினார். "நேத்து உங்கட காதுலதானே சொன்னன், ஸஹரும் செய்யப்படா எண்டு?"

"மறந்திட்டன் மிஸ்ஸி." வாப்பா போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

ஒப்பரேஷன் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போனது. அந்த முறை மிஸ்ஸி மாமாவை வார்டுப் பக்கமே அண்டவிடவில்லை. வாப்பா சுகமாகி வந்து எனக்குத் தையலைக் காட்டினார்.

எங்கள் வயல் வட்டையில் யாருடைய வயலுக்கு எந்த நாள் தண்ணீர் முறை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர் அவர். அவ்வளவு தெளிவாகச் சொன்னதை ஒரே இரவில் எப்படி மறந்தார்? பல நாள் யோசித்துப் பார்த்தேன். கடைசியில், மயக்க மருந்தை முதல் நாளே கொடுத்துவிட்டார்கள் போலும் என்று முடிவு செய்துகொண்டேன்.