எட்டாவது கையெழுத்து

மணியன் முப்பத்தோரு வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராகக் குப்பை கொட்டியவர். ஒரு பத்திரத்தைக் கையில் கொடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்கமாட்டார். எங்கே அடித்தல் திருத்தல் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். ஓய்வு பெற்ற மறுமாதமே நாமக்கல் அல்லிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டார். அந்தப் பதவிக்கு வேறு யாருமே ஆசைப்படவில்லை என்பதை இன்றுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை. மாடிக்கு இரண்டு வீடாக மொத்தம் எட்டே எட்டு வீடு. அதற்கு அவர் வைத்திருந்த கோப்புகளைப் பார்த்தால் ஒரு தாலுகாவையே கட்டி ஆள்கிறார் என்று தோன்றும்.

உச்சி மாடியில் இடது பக்கத்து வீடு வசந்தாமணியுடையது. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது அவள் தொழில். பதினெட்டு வயதில் ஒரு தார்ப்பாய்ப் பட்டறையில் தரை கூட்டப் போனவள், ஊசியைப் பிடித்து, மெஷினைப் பிடித்து, இப்போது ஐம்பத்திரண்டு வயதில் தனியாகப் பட்டறை வைத்திருக்கிறாள். வலது உள்ளங்கைத் தோல், செருப்பின் அடிப்பாகம் மாதிரி தடித்திருக்கும். கணவன் போய்ச் சேர்ந்து பதினொரு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. இந்த வீடு ஒன்றுதான் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது. அதையும் மழை விட்டுவைக்கவில்லை.

போன ஐப்பசியில் அடைமழை பிடித்த நாலாம் நாள், அவள் படுக்கையறைக் கூரையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு காரைப் பாளம் பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. அவள் அப்போது பட்டறையில் இருந்தாள். உள்ளே கம்பி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. அந்தத் தளத்தின் மேல்தான் எட்டு வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஊருக்கெல்லாம் மழை நனையாமல் தார்ப்பாய் தைப்பவள், தன் கட்டிலுக்கு மேல் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு மார்கழி முழுக்கத் தூங்கினாள்.

தை மாத நடுவில் மாநகராட்சிப் பொறியாளர் அறிவுச்செல்வி வந்து பார்த்தார். சின்னப் பெண்தான், ஆனால் பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது. "பூச்சு வேலையெல்லாம் ஆகாதுங்க. தளத்த உடைச்சுப்போட்டுப் புதுசாத்தான் போடோணும். மார்ச் பத்துக்குள்ள எட்டு ஓனருங்க சம்மதத்தோட அனுமதிக்கு மனு குடுங்க. இல்லீன்னா இந்த ஊட்டப் பூட்டச் சொல்லி எழுதறதத் தவிர எனக்கு வேற வழியில்லீங்க" என்றார்.

வசந்தாமணி மணியனைப் பார்த்தாள். மணியன் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கு வேலை வந்துவிட்டது.

சம்மதப் படிவத்தை அவரே தயாரித்தார். ஒரே தாள், எட்டுக் கையெழுத்து, எல்லாம் அசல், எல்லாம் நீல மை. வெளியூரில் இருந்து கையெழுத்துப் போடுபவருக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று கீழே ஒரு குறிப்பு. முதல் தாளில் தரைத்தளத்துக்காரர் தன் இனிஷியலைத் தப்பாகப் போட்டுவிட்டு அடித்து எழுதினார். மணியன் அந்தத் தாளை அப்படியே கிழித்துப்போட்டார்.

"ஏனுங்கண்ணா, அஞ்சு பேர் போட்டாச்சுங்களே!" என்றாள் வசந்தாமணி.

"அஞ்சு பேரென்ன அம்மணி, அம்பது பேர் போட்டிருந்தாலும் செல்லாது. ஒரு கோடு அதிகமா உளுந்தாலும் அது பத்திரமில்ல, பழைய பேப்பர்."

அவள் மறுபடி மாடி ஏறி இறங்கினாள். தொட்டியை இறக்கினால் குளிக்கத் தண்ணீர் எங்கே என்று முறுக்கிக்கொண்ட இரண்டு வீட்டுக்காரர்களுக்கு, வேலை முடியும்வரை கீழே ஒரு தொட்டி வைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தாள். ஏழு கையெழுத்து சேர்ந்தது. எட்டாவதில் நின்றது.

இரண்டாவது மாடிச் சின்னண்ணன் ஊரில் இல்லை. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆயுதபூஜை முடிந்ததும் கிளம்பிய ஆள், சத்தீஸ்கரில் ஏதோ காட்டுப் பக்கம் கிடந்தார். ஒரு ஊரில் இரண்டு நாள், அடுத்த ஊரில் மூன்று நாள். தபாலும் கூரியரும் போய்ச் சேரும்போது வண்டி அங்கே இருக்காது. சித்திரைக்கு முன் திரும்பவும் மாட்டார். எப்போதாவது ஒரு மேட்டில் ஏறினால் போனில் அகப்படுவார். அப்படி அகப்பட்டபோது, "போட்டோ அனுப்புங்கக்கா, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பறேன்" என்றார். மணியன் முடியாது என்று தலையை ஆட்டினார். போட்டோ அசல் ஆகாது. மாநகராட்சி விதியும் அதுதான்.

"அப்ப அசலே போகட்டுமுங்க" என்றாள் வசந்தாமணி.

"எதுல போகும்?"

"லாரிலதானுங்க. வேற எதுல?"

மணியனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தாளை அவளிடம் தனியே கொடுத்தனுப்ப மனசு வரவில்லை. தன் ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் உட்காரவைத்து லாரிகள் நிற்கும் மைதானத்துக்குப் போனார். அன்று பிப்ரவரி ஒன்பது.

அந்த மைதானத்தில்தான் மணியனின் சிரிப்பு நின்றது. அவள் இறங்கி நடக்க நடக்க, டயருக்குப் பக்கத்தில் சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் கையை உதறி எழுந்தார்கள். "வாங்கக்கா", "என்னுங்கக்கா இந்தப் பக்கம்" என்று நாலு திசையிலிருந்தும் குரல். பாரம் ஏற்றி நிற்கிற வண்டியில் தார்ப்பாய் கிழிந்தால், அவள் பட்டறைக்கு வரச்சொல்ல மாட்டாளாம். ஊசியை எடுத்துக்கொண்டு வண்டிக்கே வந்து, மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவாளாம். அவள் தைத்த தார்ப்பாயின் மூலையில் பச்சை நூலில் இரட்டைத் தையல் இருக்கும். அந்தப் பச்சை நூல் ஓடாத தேசிய நெடுஞ்சாலை இந்த நாட்டில் இல்லை என்று ஒரு டிரைவர் சொன்னார். மணியன் அதை மிகை என்றே நினைத்துக்கொண்டார்.

நாக்பூருக்கு ஜவ்வரிசி ஏற்றியிருந்த கருப்பண்ணன் என்ற டிரைவரிடம் தாள் போனது. வசந்தாமணி அதற்கென்றே தார்ப்பாய்த் துணியில் ஒரு உறை தைத்து, மூலையில் பச்சை நூல் ஓட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"நாக்பூருக்கு மேல நம்ம பயலுக யாரு போறாங்களோ அவங்க கையில மாத்தி உட்டுருங்க. சின்னண்ணன் எங்க இருக்கறாருன்னு ரிக்குக்கு டீசல் கொண்டு போறவங்களுக்குத் தெரியும். நனையாமப் பாத்துக்கங்க சாமி, என்ற ஊடே அதுலதான் இருக்குது."

"பொருள் பத்திரமா எறங்கும், நீங்க போங்கக்கா" என்றார் கருப்பண்ணன்.

அதன் பிறகு மணியனுக்குத் தூக்கம் கெட்டது. தெரியாத கைகளில் ஒரு அசல் பத்திரத்தைக் கொடுத்துவிட்ட பாவம் அவரை அரித்தது. தினமும் மாடியேறி விசாரித்தார். அவள் கட்டிலுக்கு மேல் கட்டிய தார்ப்பாயின் கீழே நின்று, "எங்க இருக்குது அம்மணி?" என்பார். "ஹைதராபாத் தாண்டிருச்சுங்க." "நாக்பூர்ல கை மாறிருச்சுங்க." பிறகு ஒன்பது நாள் தகவலே இல்லை. பத்தாம் நாள் சின்னண்ணன் மேட்டில் ஏறிக் கூப்பிட்டார். தாள் வந்தது, கையெழுத்துப் போட்டாயிற்று, இரும்பு ஏற்றிய வண்டியில் திரும்பிக்கொண்டிருக்கிறது. மணியன் அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மார்ச் ஒன்பதாம் தேதி காலை வசந்தாமணி உறையோடு வந்தாள். அவள் முகம் வெளிறிக் கிடந்தது. தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைப் பிசைந்தாள்.

முன்பக்கம் சுத்தமாக இருந்தது. எட்டாவது இடத்தில் சின்னண்ணன், நீல மையில் முத்து முத்தாக. ஆனால் சாட்சிகளுக்கு விட்ட இரண்டு கோடும் காலி. மணியன் தாளைத் திருப்பினார்.

பின்பக்கம் முழுக்க எழுத்து.

லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சரக்கு கை மாறும்போது வாங்குகிறவன் அதைச் சோதித்து, சரக்கோடு வரும் ரசீதின் முதுகில் தேதி, இடம், வண்டி எண் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இந்தச் சரக்கோடு ரசீது எதுவும் வரவில்லை. என்ன செய்வார்கள்? சரக்கின் முதுகிலேயே போட்டுவிட்டார்கள்.

"காகிதம் ஒன்று. நனையவில்லை. கருப்பண்ணன்" என்று முதல் வரி. அதற்குக் கீழே, "நாக்பூர். காகிதம் ஒன்று. மடிப்பு கலையவில்லை." அதற்கும் கீழே இந்தியில் ஒருவர். அடுத்து தெலுங்கில் ஒருவர். எழுதத் தெரியாத ஒருவர் கிரீஸ் ஒட்டிய கட்டைவிரலைப் பதித்திருந்தார், பக்கத்தில் இன்னொருவர் அவர் வண்டி எண்ணை எழுதிக் கொடுத்திருந்தார். ரிக் வண்டியில் இருந்த மூன்று பேர், "அண்ணன் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தோம்" என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். பிறகு திரும்பும் வழி. ஊர் ஊராக, வண்டி வண்டியாக, "நனையவில்லை", "நனையவில்லை", "வழியில் மழை, காகிதம் நனையவில்லை." மொத்தம் பதினான்கு பேர்.

மணியன் எண்ணினார், மறுபடி எண்ணினார். முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பத்திரங்களைப் பார்த்த மனிதர். அப்பனும் மகனும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் நம்பாமல் வரிவரியாகப் படித்துப் பார்த்ததைப் பார்த்தவர். இங்கே மூன்று மொழிக்காரர்கள், ஒருவரையொருவர் ஒரு டீக்கடை நேரம்கூடப் பார்த்துப் பேசியிராதவர்கள், பச்சை நூலை மட்டும் நம்பி, யாரோ ஒருத்தியின் கூரையை உள்ளங்கையில் ஏந்திப் போய் ஏந்தி வந்திருக்கிறார்கள். அவருக்கு அந்தத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும் போல இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டார்.

"பழைய பேப்பர் ஆயிருச்சுங்களாண்ணா?" என்றாள் வசந்தாமணி.

மணியன் சட்டையை மாட்டிக்கொண்டு, தாளோடு அவளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

மாநகராட்சி அலுவலகத்தில் அறிவுச்செல்வி முன்பக்கத்தைப் படித்தார், திருப்பினார், நிமிர்ந்தார். "இது என்னுங்க சார்? சாட்சி ரெண்டு பேர் கேட்டிருக்குது, முன்னால காலியா இருக்குது. பின்னால இத்தன கிறுக்கல்?"

ஒரு கோடு அதிகமாக விழுந்தாலும் பழைய பேப்பர் என்று சொன்ன அதே மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கிறுக்கல் இல்லீங்க மேடம். சாட்சிங்க. விதியில ரெண்டு சாட்சி வேணும்னு இருக்குது, எந்தப் பக்கம்னு இல்லீங்க. நாம ரெண்டு கேட்டோம், பதினாலு வந்திருக்குது. என்ற சர்வீஸ்ல இத்தன சுத்தமான பத்திரத்த நான் பாத்ததில்லீங்க."

அறிவுச்செல்வி ஒவ்வொரு வரியாகப் படித்தார். கட்டைவிரல் ரேகையில் வெகுநேரம் நின்றார். பிறகு பொறியாளர் உதவியாளரைக் கூப்பிட்டு, "ரெண்டு பக்கமும் நகல் எடுங்க. பின்பக்கம் தெளிவா உளுகோணும்" என்றார். மணியனிடம் தாளை நீட்டி, "செயலாளர் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், வாங்கிக்கறேன். தளத்த உடைக்க ஆள் சொல்லிக்கலாமுங்க" என்றார்.

வசந்தாமணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கட்டிலில் காரை விழுந்த அன்றுகூட அவள் அழுததாக யாரும் சொன்னதில்லை.

மணியன் முன்பக்கத்தில் செயலாளருக்கு விட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப் போனவர் மூடவில்லை. தாளைத் திருப்பினார். பத்திரத்தின் முதுகில் வாழ்நாளில் ஒரு புள்ளிகூட வைத்திராதவர், பதினான்காவது பெயருக்குக் கீழே நிதானமாக எழுதினார்: "நாமக்கல். மார்ச் 9. காகிதம் ஒன்று. நனையவில்லை. மணியன்."

வசந்தாமணி தலைப்பை விலக்கி எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணா, வண்டி நெம்பர் உட்டுப்போச்சுங்களே" என்றாள்.

மணியன் தன் ஸ்கூட்டர் எண்ணை எழுதினார்.