குழாயை யார் எடுப்பது?

இரண்டாயிரத்தில் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு எங்கள் தீவுநாட்டின் தலைநகர் சுவாவில் செழித்தது ஒன்றுதான்: பிரியாவிடை விருந்து. எங்கள் மருத்துவமனையில் வாரம் தவறாமல் கேக் வெட்டினோம். அடுத்துக் கிளம்ப இருந்தவர் மயக்க மருந்து டாக்டர். சனிக்கிழமை அவருக்கு ஆக்லாந்து விமானம். அவருக்குப் பதில் ஆள் இல்லை.

அந்த வாரம்தான் வட்டுகோலாப் பக்கத்துக் கரும்பு விவசாயியின் மகளுக்கு நான் எண்டோஸ்கோபி செய்ய வேண்டியிருந்தது. ஒன்பது வயது. கருவிலேயே ஒன்றுசேர வேண்டிய கணையக் குழாய்கள் இரண்டும் சேரவில்லை. சுரக்கும் நீரில் பெரும்பகுதி ஊசித்துளை அளவு வாய் வழியாக வெளியேற முட்டிமோதும். சாப்பிட்டால் வலியில் சுருண்டுவிடுவாள். துளையை அகலப்படுத்தாவிட்டால் கணையமே கெட்டுவிடும். வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னது மேலிடம். விசா கிடைக்கவில்லை, போனால் திரும்ப மாட்டார்களாம். திரும்பி வரவே போகாத டாக்டர்களுக்கு விசா தாராளமாகக் கிடைத்தது.

புதன்கிழமை தாய் மட்டும் மகளோடு பஸ்ஸில் வந்தாள். தகப்பன் மகளுக்காகத் தீமிதி நேர்ந்து, காப்புக் கட்டிக் கோயிலில் தங்கியிருந்தார். சிறுமியின் கையிலும் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக் கூடாது.

"தாண்டிட்டியேம்மா?"

"என்ன செய்ய டாக்டர்? அவரு ஆத்தாகிட்ட கேக்குறாரு. நான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றார் மருத்துவமனைக் கண்காணிப்பாளர். தாயுடையதே போதும் என்று விதி எழுதிய குழுவில் நானும் இருந்தேன் என்பதை நினைவூட்டினேன்.

"தீமிதி முடிஞ்சு செஞ்சா என்ன?" என்றார் அவர்.

"அப்ப யாரு மயக்கம் குடுப்பா? மாரியம்மனா?"

நர்ஸ் கத்தரிக்கோலோடு கயிற்றை நெருங்க, தாய் மகளின் மணிக்கட்டைப் பொத்திக்கொண்டாள். நூலும் மஞ்சளும் யாரையும் கொன்றதில்லை. மேலே துணி சுற்றி, மற்ற கையில் ஊசி போடச் சொன்னேன்.

எண்டோஸ்கோப்பை உள்ளே இறக்கிப் பார்த்தால் துளை கண்ணில் படவில்லை. சுரப்பைத் தூண்டும் மருந்து நாட்டிலேயே இல்லை. நீர்த்த நீலச் சாயத்தைத் தெளித்துக் காத்திருந்தேன். நீலத்தின் நடுவே ஓரிடத்தில் மட்டும் தெளிந்த நீர் ஊறிச் சாயத்தைக் கழுவியது. அங்கே கம்பியை நுழைத்தேன், கொஞ்சம் வெட்டினேன், துளை மூடாதிருக்க மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்தேன்.

"அண்ணே, நீங்களும் வாங்க," என்றார் மயக்க மருந்து டாக்டர். "அங்க நாளைக்கே வேலை."

"இந்தக் குழாயச் சில வாரத்துல எடுக்கணும். யாரு எடுப்பா?"

"யாராச்சும் எடுப்பாங்க."

"அந்த யாராச்சும் நான்தான். நீ போய்க் குளிர்ல நடுங்கு."

தகப்பன் தீ மிதித்தார். ஆத்தாதான் காப்பாற்றினாள் என்று ஊரில் பேச்சு. பேசட்டும். சில வாரம் கழித்துக் குழாயை நானே எடுத்தேன்; அதற்கு முழு மயக்கம் தேவையில்லை, லேசான தூக்க மருந்தே போதும். மறுநாள் சிறுமி ஆட்டுக்கறியோடு ரொட்டி தின்று, இன்னொன்று கேட்டாள். வலி வரவில்லை.

எனக்கு வெட்ட வேண்டிய கேக்கை யாரும் இன்னும் வாங்கவில்லை. சுவாவை ஒட்டிய லாமியில்தான் இருக்கிறேன்.