மாரப்பனின் பூஜ்யங்கள்

1. கொப்புளம்

துண்டை விலக்கினேன். தோளில் ஹாட் பேக் ஒத்தடம் வைத்த இடத்தில் இரண்டு கொப்புளங்கள், கொட்டைப்பாக்கு அளவில். இருபது வருட பிசியோதெரபி வேலையில் நான் யாரையும் சுட்டதில்லை. அன்றைக்கு, ஏரியூரைத் தாண்டி ஒரு தகரக் கூரை வீட்டில், சுட்டுவிட்டேன்.

அதுவும் கேட்டுக் கேட்டுச் சுட்டேன். சூடு அதிகமா இருக்கா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் மாரப்பனிடமிருந்து ஒரே பதில்: "இல்லீங்க மேடம், சரியா இருக்குதுங்க."

வந்த எரிச்சலில் கத்திவிட்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? சுடுதுன்னா சுடுதுன்னு சொல்றதுக்கு என்னங்க?"

ஐம்பத்தெட்டு வயது ஆள், மெதுவாக நகர்ந்து போய், சுவரைப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதுகு எனக்கு. ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிற முதுகு.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களே, தோள்மூட்டை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த முதுகு எந்தப் பக்கத்திலும் இல்லை.

2. கேஸை மூடச் சொன்னது

அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது என் டூட்டி. மாரப்பனுக்கு வலது தோள் இறுகிப்போய், கை இடுப்புக்கு மேல் கொஞ்சம்தான் வரும். எப்போதோ மரத்திலிருந்து விழுந்த அடி, இந்த வருடம்தான் இப்படி முடக்கியது என்று சொன்னார். எழுதிக்கொண்டேன். இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போலத் தழும்பு ஓடியது. பார்த்தேன். கேஸ் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை, எழுதவில்லை.

மனைவி இல்லாத மனிதர். குளிப்பாட்டவும் சட்டை மாட்டிவிடவும் மகள் செல்வி, பாப்பிரெட்டிப்பட்டியில் புருசன் வீட்டை விட்டு வந்து நான்கு மாதமாக இங்கே இருந்தாள். மாமியார் தினம் மாரப்பனுக்குப் போன் போட்டு, ஆடி பொறக்கறதுக்குள்ள வரலைன்னா அங்கியே இருந்துக்கச் சொல்லுங்க என்று மகனுக்குக் கேட்கிற மாதிரி பேசுவாராம். செல்வி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சட்டைய அவரே போட்டுக்கிட்டார்னா அன்னிக்கே பஸ் ஏறிடுவேங்க."

வலி பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு எழுத வேண்டும். மாரப்பன் எப்போதும் பூஜ்யம். கையை நான் எவ்வளவு தூக்கினாலும் பூஜ்யம். கால் கட்டைவிரல் தரையைக் கவ்விக்கொண்டிருக்கும், வாய் பூஜ்யம் சொல்லும். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பாதியில் விட்டுவிடுவேன். மறுவாரம் கை பழையபடி இறுகிக் கிடக்கும்.

எனக்கு மேலே இருந்த ஆபீசர் ஷீட்டைப் புரட்டினார். "ஏம்மா, வலியே இல்லாத ஆளுக்கு வாராவாரம் எதுக்குப் போறீங்க? இன்னும் ஒரு மாசம். அதே பூஜ்யம்னா க்ளோஸ் பண்ணிடுங்க."

அந்த ஒரு மாதத்தின் முதல் வாரத்தில்தான் சுட்டேன்.

3. செல்வி சொன்னது

வண்டியை எடுக்கும்போது செல்வி பின்னாலேயே வந்தாள். அவள் பிறப்பதற்கு முன்பு நடந்தது. காட்டுக்குள் ஒளிந்திருந்த சந்தனக் கடத்தல்காரரைப் போலீஸ் தேடிய காலத்தில், அவருக்குச் சோறு கொடுத்ததாகச் சந்தேகப்பட்டு ஊர்க்காரர்களைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாரப்பன் இரண்டு வருடம் உள்ளே இருந்தார். கையைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கினார்களாம். மரமும் இல்லை, விழவும் இல்லை.

"வலிக்குதான்னு நீங்க கேக்கறீங்கல்ல மேடம், அங்கியும் அதத்தான் கேட்டாங்களாம். ஆமான்னா அதே எடத்துல இன்னும் ரெண்டு வுழும்."

எங்க வூட்டுல யாருமே சொல்ல மாட்டோமுங்க என்றாள், சிரித்துக்கொண்டே. அவள் பிரசவத்துக்குப் போனபோது சத்தமே போடாததால், இன்னும் நேரமிருக்கிறது, நடந்துவிட்டு வா என்று நர்சம்மா அனுப்பிவிட்டாராம். குழந்தை வராந்தாவில் பிறந்தது.

மலைச்சரிவு முழுக்க வெயில். ஸ்கூட்டி சூடு, ஹெல்மெட் சூடு, என் காது சூடு. எவனோ எப்போதோ கேட்ட கேள்வியை நான்கு மாதமாக நான் வாராவாரம் வண்டியில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். சம்பளத்துக்கு.

4. மணிக்கட்டு

புண் ஆற இரண்டு வாரம் ஆயிற்று. அதன்பிறகு நான் கேட்பதை விட்டேன். அவரைச் சுவரோரம் உட்காரவைக்காமல், வாசல் தெரிகிற மாதிரி உட்காரவைத்தேன். "என் மணிக்கட்ட உங்க இடது கையால புடிச்சுக்கங்க. போதும்னா என் கையத் தள்ளிவிடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

பிடித்தார். தள்ளவில்லை. இரண்டு நாளுக்கொரு தடவை போனேன், கால் கட்டைவிரலைப் பார்த்து நானே நிறுத்தினேன். தள்ளுங்கய்யா, என் கையென்ன சாமியா என்று எரிந்துகூட விழுந்தேன். கடைசி வாரத்தில் ஒரு நாள், தோள் மட்டத்தை நெருங்கும்போது, தள்ளினார். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

"கோவமுங்களா மேடம்?"

"இல்லீங்க. எத்தனை?"

கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வாசலைப் பார்த்தார். "ஏழு இருக்குமுங்க. வலிக்குதுங்க." மறுபடியும் வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. சரியாகக் கேட்டதா என்று சோதிப்பது போல, இன்னொரு தடவை சொன்னார். "வலிக்குதுங்க."

ஷீட்டில் ஏழு போட்டேன். கேஸ் மூடப்படவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தபின் கை ஏறத் தொடங்கியது. ஆனிக் கடைசியில் வலது கையை முதலில் நுழைத்து, பெருமூச்சோடு அவரே சட்டை போட்டார். ஒரு பொத்தான் மாறிவிட்டது. செல்வி அதைச் சரிசெய்யாமல் பஸ் ஏறினாள்.

இப்போது நான் போனாலே ஆரம்பித்துவிடுகிறார். தொட்டால் எட்டு, தொடுவதற்கு முன்பே ஆறு. முட்டி வலி, முதுகு வலி, போன வாரம் பல்வலி. பல்லுக்கு நான் என்னய்யா பண்ணுவேன்? ஒரு வீட்டுக்கு அரை மணி என்பது கணக்கு, இவரிடம் ஒன்றரை மணி போகிறது. அடுத்த வீட்டில் திட்டு வாங்குகிறேன்.

வேலையில் கற்றது இதுதான்: உங்கள் ஷீட்டில் பூஜ்யம் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், அந்தக் கேள்வியை உங்களுக்கு முன்னால் அவரிடம் யார் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். எட்டு, ஆறு, பல்வலி எல்லாவற்றையும் நான் ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்கிறேன். கட்டம் போதவில்லை. பின்பக்கத்திலும் எழுதுகிறேன்.